குண்டா இருக்கோம், வாக்கிங் பாதியில நிக்காம இருக்க என்ன பண்ணணும்?

திருவாரூர்ல இருந்து எழுதுறேன், 98 கிலோ இருந்தப்ப ஆரம்பிச்சேன், மூணு தடவ விட்டுட்டு நாலாவது தடவதான் பழக்கமா ஒட்டிக்கிச்சு, அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

முதல் வேலை, வெயிட் மெஷினை தூக்கி பரண்ல போடுங்க. நாம விடுறதே அதனாலதான், பத்து நாள் நடந்துட்டு ஏறிப் பாத்தா முள்ளு அசைஞ்சிருக்காது, மனசு விட்டுப் போயிடும். 90 கிலோ ஆளு அரை மணி நேரம் நடந்தா சுமாரா 150 கலோரிதாங்க எரியும், ரெண்டு மெதுவடைல அது திரும்பி வந்துரும். ஆனா எடை குறையலைனாலும் சுகர், பிபி, தூக்கம் எல்லாம் நடக்க நடக்க தேறும், அத அந்த மெஷின் காட்டாது. (என்னோடது பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப கண்ணுல பட்டுச்சு, பேட்டரி செத்துக் கெடந்துச்சு.)

ரெண்டாவது, கம்மியா ஆரம்பிங்க, வெக்கமா இருக்கற அளவுக்கு கம்மியா. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம்னு சொல்லுது, அத பாத்து மிரண்டுறாதீங்க. ஒரே மூச்சுல பத்து நிமிஷமாச்சும் பண்ணணும்ங்கிற பழைய கணக்க 2020லயே எடுத்துட்டாங்க, அஞ்சஞ்சு நிமிஷமா மூணு தடவ நடந்தாலும் சேரும். எங்கூர்ல கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு சொல்லுவாங்க (வேலிங்கறது பழைய நில அளவு), அந்த கமலாலயக் குளத்த ஒரு சுத்து வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல. நான் மொத மாசம் ஒரே ஒரு கரை போயிட்டு திரும்பிருவேன், அவ்ளோதான். வேகம்? பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது.

அடுத்தது யாரும் வெளிய பேசாத விஷயம், தொடை உரசி புண்ணாகறது. பாதி பேரு இதுலயே நிறுத்திருவாங்க. முட்டி வரைக்கும் இறுக்கமான ஷார்ட்ஸ் உள்ள போடுங்க, இல்லன்னா தேங்கா எண்ணெய் தடவிட்டு போங்க. செருப்பு வேண்டாம், ஷூ. முட்டி வலிக்கிறவங்க ஆத்தங்கரை சரிவுல நடக்காதீங்க, சமமான ரோடு பாத்துக்கங்க. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, சுகர் திடீர்னு இறங்குனா வாயில போட பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் வச்சுக்கங்க. நெஞ்சு வலிச்சாலோ மயக்கமா வந்தாலோ அப்படியே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

வாரத்துல ரெண்டு நாளு நாற்காலியிலேர்ந்து கைய ஊணாம பத்து தடவ எந்திரிச்சு உக்காருங்க, தொடைக்கு பலம் வந்தா முட்டிக்கு பாரம் குறையும்.

கூட ஒரு ஆள புடிங்க. பக்கத்து வீட்டு அண்ணன் அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நின்னு செருமுவாரு, அந்த சத்தத்துக்கு பயந்தே எந்திரிச்சிருக்கேன். ஊரு பாத்து சிரிக்குமேங்கிற கூச்சமும் ரெண்டு பேரா போனா பாதியாயிரும்.

கடைசியா மழை. டெல்டால ஐப்பசி கார்த்திகை வந்தா எல்லாரோட வாக்கிங்கும் தண்ணில போயிரும். அப்ப திண்ணையில இல்ல ஹால்ல எட்டு போட்டு நடங்க. பத்து நாள் விட்டுப் போச்சுன்னா பாக்கிய தீக்கறேன்னு ஒரே நாள்ல ஒரு மணி நேரம் நடக்காதீங்க, முட்டி வீங்கிரும், திரும்ப அந்த அஞ்சு நிமிஷம், அந்த ஒரு கரை.