கூரை திறந்த காரில் காதைக் காப்பது எப்படி

கூரையைத் திறந்துவிட்டு நெடுஞ்சாலையில் போகும்போது காதில் அறைகிற காற்று முன்னாலிருந்து வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி முதுகுப் பக்கமிருந்து வருகிறது. விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று தலைக்கு மேலே பாய்ந்து, பின்பக்கம் சுழன்று இறங்கி, முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவேயுள்ள சந்து வழியாக முன்னோக்கித் திரும்புகிறது. தலைமுடி பின்னால் பறக்காமல் முகத்தில் வந்து விழுவது இதனால்தான். காதுக்கான ஏற்பாடுகளையும் இந்தச் சுழலை மறிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

கூரை திறந்த கார்களில் மணிக்கு 100 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டுநரின் காதருகே பொதுவாக 85 முதல் 90 டெசிபெல் வரை இருக்கும். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நாளைக்கு 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி. தொழிற்சாலைகளுக்காக வகுத்த கணக்குதான் இது. ஆனாலும் நல்ல அளவுகோல். அரை மணி நேர மாலைச் சவாரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஐந்து மணி நேரப் பயணம் வேறு விஷயம்.

காற்றிரைச்சல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 120-லிருந்து 100-க்கு இறங்கினால் காகிதக் கணக்கில் 4 முதல் 5 டெசிபெல் குறையும். டயர் சத்தம் அந்த அளவுக்கு இறங்காததால் நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். 3 டெசிபெல் கிடைத்தாலே, காது தாங்கும் நேரம் இரட்டிப்பு. காசு செலவில்லாத வைத்தியம் இதைவிட வேறில்லை.

உங்கள் காரில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஓட்டுபவர் அளக்கக் கூடாது; பக்கத்தில் இருப்பவர் அளக்கட்டும். போனில் ஒலிமானி செயலியைத் திறந்து, ஏ-வெயிட்டிங் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் முறை), சராசரி அளவு இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இதில் எல்லோரும் செய்யும் பிழை, மைக்கைக் காற்றில் நீட்டுவது. காற்று மைக்கில் நேராக மோதினால் ‘படபட’வென்று பொய்யாக 100-ஐத் தாண்டிக் காட்டும். மைக் துளையின்மேல் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் மென்மையான நுரைத்துண்டு ஒன்றை வைத்துக் கட்டி, காதை ஒட்டிப் பிடித்து, ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம் அளக்க வேண்டும். ஜன்னல் பக்கக் காதையும் உள்பக்கக் காதையும் தனித்தனியாக அளந்தால் வித்தியாசம் தெரியும்.

முதலில் காற்றை மறியுங்கள்

பக்கக் கண்ணாடிகள் நான்கையும் முழுதாக ஏற்றுங்கள். பாதி ஏற்றிய கண்ணாடி, அதன் விளிம்பிலேயே புதிய சுழலை உண்டாக்கிக் காதுக்கு நேராக அனுப்பும். அடுத்தது, முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் காற்றுத்தடுப்பு வலை. காரின் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். இருக்கைக்கும் வலைக்கும் நடுவிலோ, வலையின் அடிப்பக்கத்திலோ கை நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். நான்கு பேர் உட்காரும் காரில் வலையை மாட்டினால் பின் இருக்கை போய்விடும். பின் இருக்கையில் ஆள் இருந்தால் வலை மாட்ட முடியாது. காற்றின் அடி அதிகம் விழுவதும் அங்கேதான். குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுந்தூரம் போவதென்றால் கூரையை மூடிவிடுங்கள். அதில் பேரம் வேண்டாம்.

இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். உச்சந்தலை விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பை விட உயர்ந்திருந்தால் பாய்கிற காற்றுக்குள்ளேயே தலை நிற்கும். சாலை நன்றாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் இருக்கையை இறக்குங்கள்.

காது மடலில் காற்று உரசுவதாலும் இரைச்சல் பிறக்கிறது. காதை மூடும் துணிப்பட்டையோ குல்லாவோ இந்த உரசலைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது தடுக்காது.

காதடைப்பான்

பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் இது தேவை. பஞ்சை உருட்டி வைப்பது சில டெசிபெலுக்கு மேல் தடுக்காது. நுரை காதடைப்பான் பெட்டியில், எத்தனை டெசிபெல் தடுக்கும் என்று சொல்லும் என்.ஆர்.ஆர். அளவு 33 என்று போட்டிருந்தாலும் அதை அப்படியே நம்பாதீர்கள். 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள்: 13. நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்க அளவு அதுதான். 90 டெசிபெல் காற்று அப்போது 77-க்கு இறங்கும்; போதும்.

ஹாரனும் ஆம்புலன்ஸ் ஒலியும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால், இசைக்கலைஞர்கள் போடுகிற, எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் 15 டெசிபெல் வடிகட்டி வகை நல்லது. நடுவில் வெறும் துளை மட்டும் விட்ட வகை வேண்டாம். காற்றிரைச்சலில் அடிச்சுருதிதான் அதிகம், அது அந்தத் துளை வழியாகவே உள்ளே போய்விடும். சத்தம் நீக்கும் ஹெட்போனும் இங்கே சரிவராது. அதன் வெளிமைக்கில் காற்று மோதி, புதிதாக ஓர் உறுமலைக் கிளப்பும். சில இடங்களில் இரு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுரை வகையைச் செருகும் முறை:

1. சுத்தமான விரல்களால், மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் அந்த வரி வழியே சத்தம் கசியும்.
2. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் நேராகும்.
3. உள்ளே தள்ளி, 30 வினாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாதியில் விட்டால் விரிகிறபோதே வெளியே வந்துவிடும்.
4. ‘ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். குரல் தலைக்குள் கனமாக, இரு பக்கமும் ஒரேபோல் ஒலிக்க வேண்டும். பிறகு உள்ளங்கைகளால் காதுகளை மூடித் திறங்கள். சத்தம் பெரிதாக மாறினால் அடைப்பு சரியில்லை. எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

பாட்டுச் சத்தம்

காற்று 88 டெசிபெல் இருக்கையில் அதே 88-க்குப் பாட்டை ஏற்றினால் மொத்தம் 91. நான்கு மணி நேரம் இரண்டாகிவிட்டது. காதடைப்பான் போட்ட பிறகு பாட்டைக் கூட்டினால் போட்டதே வீண்.

கூரையை மூடியும் இரைகிறதென்றால்

கண்ணாடி சேருமிடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே ரப்பர் பட்டை அழுத்தவில்லை. விசில் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால் மாஸ்கிங் டேப்பை ஒவ்வோர் இணைப்பின் மேலும் மாற்றி மாற்றி ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். எதை ஒட்டியபோது விசில் நின்றதோ அதுதான் இடம். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டுச் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

காற்றிரைச்சல் இல்லாமல் வண்டி மட்டும் ‘ங்ஙூம்’ என்று வேகத்தோடு கூடி ஒலித்தால், கையால் டயரின் பரப்பைத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் பட்டால் தேய்மானம் கோணல். வீல் அலைன்மென்ட்டையும் காற்றழுத்தத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பயணம் முடிந்து இறங்கியதும் காது அடைத்தாற்போல் இருந்தாலோ உள்ளே ‘கொய்ங்’ என்று இரைந்தாலோ அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். அதுவரை அமைதியான இடத்தில் இருங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேட்கும் திறன் சோதனையில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைச் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். இரைச்சல் முதலில் கடிப்பது அந்தப் பகுதியைத்தான். ஒரு காது மட்டும் திடீரெனக் கேட்காமல் போனால் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.