சூம் கூட்டமும் குட்டி வீடியோவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் சூம் கூட்டம் நடக்காத ஞாயிற்றுக்கிழமை இப்போது அரிது. பாடசாலைக்கு ஒரு விஞ்ஞானகூடம், கோயில் திருப்பணி, தனித்து வாழும் பெண்களுக்குக் கோழிக்கூடு என்று எதுவாக இருந்தாலும், இங்கே நாலு பேர் லப்டொப்புக்கு முன்னால் இருப்பார்கள். அங்கே ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர்களும் ஊர்ச்சங்கக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிகிற நேரம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "தம்பி, இதைச் சின்னச் சின்ன வீடியோவா வெட்டிப் போடுங்கோ, வராத ஆக்களும் பார்க்கட்டும்." சரி என்று பதிவைத் திறந்தால், ஒன்றரை மணிநேரத்தில் உருப்படியாக நாற்பது செக்கன் தேறாது.

பழி பெரும்பாலும் வெட்டுகிற பிள்ளைமேல் விழும். வீடியோ வெட்டுகிற கப்கட் செயலியில் என்ன வித்தை காட்டினாலும், கேட்காத குரலையும் தெரியாத முகத்தையும் திருத்த முடியாது. கிளிப் கெட்டுப்போவது பெரும்பாலும் கூட்டம் நடக்கும்போதே. அதனால் தவறுகளையும் அங்கிருந்தே பார்ப்போம்.

முதல் தவறு, காசைக் கமராவில் போட்டுவிட்டு மைக்கை மறப்பது. படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுத்துக்கொள்ளும். குரல் விட்டுவிட்டு வந்தால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடும். எங்கள் பொதுநோக்கு மண்டபங்களும் வகுப்பறைகளும் வெறும் சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை, மேலே தகரம் அல்லது சீற். லப்டொப்பின் மைக் பேசுகிறவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கும். அது அவர் குரலைவிடச் சுவரில் பட்டுத் திரும்புகிற குரலைத்தான் அதிகம் பிடிக்கும். கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிற மாதிரிக் கேட்பது அதனால்தான். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். போனோடு வந்த வயர் இயர்போனே போதும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் இருந்தால் இன்னும் நல்லது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மைக் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறையில் பாய், திரைச்சீலை, மெத்தை ஏதாவது இருந்தால் எதிரொலி இன்னும் குறையும். கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் ஒரு வீட்டு அறையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காற்றாடியை மைக்குக்கு நேரே விடாதீர்கள். சூம் இரைச்சலைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது காற்றாடிச் சத்தத்தோடு சேர்த்துக் குரலின் ஓரத்தையும் கடித்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடும்போதோ நாதஸ்வரம் வாசிக்கும்போதோ சூம் அதையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். அப்படி நிகழ்ச்சி இருந்தால் ஒலி அமைப்புக்குள் போய், இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை அந்த நேரத்துக்கு மட்டும் போட்டுவிடுங்கள். ஒக்டோபர் தொடங்கி மார்கழி மழை வரைக்கும் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் வைப்பது வீண்வேலை. அந்தச் சத்தத்துக்கு எந்தச் செயலியிலும் மருந்து இல்லை. ஓட்டு வீடு, மேலே பலகைத் தட்டி அடித்த அறை என்று தேடிப் போங்கள்.

ஒரே அறைக்குள் இரண்டு போன், ஒரு லப்டொப் என்று மூன்றிலும் கூட்டத்துக்குள் நுழைவதும் வழக்கமாகிவிட்டது. ஒன்றின் ஸ்பீக்கர் மற்றதன் மைக்குக்குள் போய்க் கூவத் தொடங்கும். ஒரு கருவியில் மட்டும் ஒலி இருக்கட்டும். மற்றவற்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் இரண்டையும் அடைக்க வேண்டும். மைக்கை மட்டும் அடைத்துவிட்டு "நான் மியூட்டிலதானே இருக்கிறன்" என்றால் கூவல் நிற்காது.

வெளிச்சத்துக்கு ஒரே விதிதான்: வாசலும் ஜன்னலும் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். வன்னி வெயில் பின்னாலிருந்து அடித்தால் அதிபர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். இரவென்றால் தலைக்கு நேர்மேலே எரிகிற பல்ப் கண்ணுக்குக் கீழே குழி விழுத்தும். ஒரு விளக்கைப் பக்கத்து வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்க வையுங்கள். கமரா கண்மட்டத்தில் நிற்க, லப்டொப்புக்குக் கீழே நாலு பாடப்புத்தகம் வைத்தால் போதும்.

இணைப்பு வேகத்தைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் டவுன்லோட் இலக்கத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். பேசுகிறவருக்கு வேண்டியது அப்லோட். 720 தரத்தில் படம் போக, செக்கனுக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் அப்லோட் சீராக வேண்டும். குரலுக்கு அதில் பத்திலொரு பங்கே போதும். இணைப்பு தள்ளாடும்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றுவதுதான் புத்தி. பலர் இதற்கு நேர்மாறாக, முகம் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்து இரண்டையும் இழக்கிறார்கள். 4ஜி றவுட்டரை அலுமாரிக்குள் வைக்காமல் ஜன்னலடியில் வையுங்கள். கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் நிற்கும், றவுட்டர் நிற்காது. றவுட்டருக்கென்று வருகிற சின்ன யு.பி.எஸ். ஒன்றை வாங்கிவிடலாம். அது இல்லையென்றால், வேறு கம்பனி சிம் போட்ட போனில் ஹொட்ஸ்பொட் தயாராக இருக்கட்டும்.

நேரக் குழப்பத்தையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். கோடையில் ரொறன்ரோவில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30. குளிர்காலத்தில் அதே 10 மணி இங்கே 8.30. ஐரோப்பா ஒக்டோபர் கடைசி ஞாயிறும், ரொறன்ரோ நவம்பர் முதல் ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுகின்றன. இடைப்பட்ட அந்த வாரத்தில் லண்டன் ஒரு மணியும் ரொறன்ரோ இன்னொரு மணியுமாக ஆட்கள் வந்து போவார்கள். அழைப்பிதழில் மூன்று ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

இனிப் பதிவு. இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். இலவசச் சூம் கணக்கில் கணினியிலிருந்து மட்டுமே பதிவு செய்யலாம். போனிலிருந்து கூட்டம் நடத்திவிட்டுக் கடைசியில் பதிவுப் பொத்தானைத் தேடிப் பயனில்லை. இலவசக் கணக்கென்றால் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். முக்கியமான பேச்சை 38ஆவது நிமிடத்தில் வைக்காதீர்கள். இலவசக் கூகிள் மீற்றில் பதிவே கிடையாது. வட்ஸ்அப் அழைப்பைப் போன் திரைப்பதிவில் பிடித்தால், பல போன்களில் எதிர்ப்பக்கக் குரல் வராது.

பதிவில் சத்தம் எங்கே வருகிறதோ அங்கே படம் தாவும். முள்ளியவளையில் ஒரு அம்மா தன் தையல் கடையைப் பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மியூட் பண்ணாத ஒருவர் ஸ்காபறோவில் இருமுவார். பதிவில் இரண்டு செக்கனுக்கு அவருடைய தலையும் பின்னால் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டுப் போகும். அந்த அம்மாவின் மிக நல்ல வசனம் அந்த இரண்டு செக்கனுக்குள்தான் இருக்கும்! பேசுகிறவரை 'ஸ்பொட்லைட்' பண்ணிவிட்டால் யார் இருமினாலும் படம் மாறாது. கூட்டத்துக்குள் வந்ததும் பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். 'கலக்ஸி ஏ12' என்று போனின் பெயரோடு ஒரு சங்கத் தலைவர் பேசும் வீடியோவை யாரும் பகிரமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தவறு, சூம் பதிவை மட்டுமே நம்பியிருப்பது. கணக்குப் பாருங்கள். 1280க்கு 720 அளவுப் படத்திலிருந்து ரிக்ரொக்குக்கோ யூரியூப் ஷோர்ட்ஸுக்கோ நெடுக்குப் படம் வெட்டினால், அகலம் 405 புள்ளிதான் மிஞ்சும். அதை 1080க்கு 1920 ஆக்க இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். இணைப்பு மந்தமாகிச் சூம் 360க்கு இறங்கினால் மிஞ்சுவது 200 புள்ளி சொச்சம். முகமா, சந்தனப் பொட்டா என்று தெரியாது. இதற்கு ஒரு லேசான வழி இருக்கிறது. பேசுகிறவருக்கு முன்னால், லப்டொப்புக்குப் பக்கத்தில், இன்னொரு போனை நிறுத்தி அதன் பின்பக்கக் கமராவால் 1080 தரத்தில் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் போனைப் பறக்கும் பயன்முறையில் (பிளைற் மோட்) போடுங்கள், இல்லையென்றால் நடுவில் மச்சானின் அழைப்பு வரும். தொடக்கத்தில் பேசுகிறவர் ஒருமுறை பலமாகக் கை தட்டட்டும். பிறகு சூம் ஒலியையும் போன் படத்தையும் பொருத்த அந்தச் சத்தமே அடையாளம். அமைப்பைப் பொறுத்து நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்.பி. வரை இடம் பிடிக்கும். ஒரு மணிநேரத்துக்கு 8 ஜி.பி. காலியாக இருக்கிறதா என்று முதலே பார்த்துவிடுங்கள்.

கணினித் திரையைப் பதிகிற ஓ.பி.எஸ். மென்பொருளால் பதிவு செய்கிறவர்கள் கோப்பு வகையை எம்.கே.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எம்.பி.4 ஆகப் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்.கே.வி. என்றால் அதுவரை பதிந்தது தப்பும். பிறகு ஓ.பி.எஸ்ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றலாம், தரம் குறையாது.

சிலைடுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. பாமினி எழுத்துருவில் அடித்த சிலைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். இன்னும் பல அலுவலகங்களில் பாமினிதான் ஓடுகிறது. யூனிகோட்டில் அடியுங்கள், அல்லது பி.டி.எப். ஆக்கி எடுத்துச் செல்லுங்கள்.

வெட்டும்போது நடக்கும் முதல் தவறு வணக்கத்தில் தொடங்குவது. எங்கள் மேடைப் பழக்கப்படி தலைவர், செயலாளர், பொருளாளர், பெரியோர்கள், தாய்மார்கள் என்று எல்லோரையும் விளித்து முடிக்கவே ஒரு நிமிடம் போய்விடும். கூட்டத்தில் அது மரியாதை, இருக்கட்டும். கிளிப்பில் அதற்கு இடமில்லை. பேச்சின் நடுவில் வரும் உயிருள்ள வசனத்திலேயே தொடங்குங்கள். யூரியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. அதற்காக மூன்று நிமிடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு கிளிப்பில் ஒரு சங்கதி போதும்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, மறுப்பும் அதோடு சேர்ந்து கடைசியில்தான் வருகிறது. இரணைமடுப் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "இந்தமுறை சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி காணும்... எண்டு நான் சொல்லமாட்டன்." நடுவில் மூச்சு விட்டிருப்பார். மௌனத்தைப் பார்த்துத் தானாக வெட்டுகிற கருவி 'காணும்', அதாவது போதும், என்பதோடு நறுக்கிவிடும். அவர் சொன்னதற்கு நேர் எதிரான செய்தி ஊரெல்லாம் போகும். தானாக வெட்டியதை முழுதாக ஒருமுறை கேட்காமல் போடவே கூடாது.

பேச்சைக் கேட்டுத் திரையில் தானாக வரும் எழுத்துகளும் அப்படித்தான். ஒட்டுசுட்டானும் மாங்குளமும் அவற்றின் வாயில் என்னவெல்லாமோ ஆகும். பேச்சுவழக்கு இன்னும் மோசம். கையால் திருத்துங்கள். சில செயலிகளில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும், அப்போது எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். எழுத்தைத் திரையின் அடியில் ஒட்ட வைக்காதீர்கள், அங்கே தலைப்பும் பொத்தான்களும் ஏறி உட்கார்ந்துவிடும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் உரிமைக்காரர் கோரிக்கை வரலாம், ஒலியே அடைக்கப்படலாம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. உதவி வாங்குகிறவரின் முகம். கூட்டத்தில் முப்பது பேருக்கு முன்னால் தன் கஷ்டத்தைச் சொல்ல ஒரு தாய் சம்மதித்தாள் என்பதற்காக, அதை ரிக்ரொக்கில் போடச் சம்மதித்தாள் என்று ஆகாது. 'இந்தக் கூட்டம் பதிவாகிறது' என்று சூம் சொல்கிற ஒற்றை வரி சம்மதம் இல்லை. எந்தத் துண்டு, எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, வெட்டிய கிளிப்பை அவரிடமே போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும். பல தடவை அவர்கள், "நான் அழுகிறதை நீக்கிப்போட்டு, நான் செய்யிற வேலையைக் காட்டுங்கோ" என்பார்கள். கிளிப்பும் அப்படித்தான் நன்றாக வரும். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். வெள்ளைச் சட்டையில் இருக்கும் பாடசாலைச் சின்னமும் முகவரி மாதிரித்தான். திரையைப் பகிரும்போது வங்கிக் கணக்கு இலக்கமும் வட்ஸ்அப் அறிவித்தல்களும் பதிவுக்குள் வந்துவிடும், அவற்றையும் பார்த்து வெட்டுங்கள். கூட்டம் முடிந்தபின் பதிவை நிறுத்தாமல் பேசுகிற ஊர்க்கதை வேறு இருக்கிறது.

கிளிப்பை எடிற் பண்ணுகிறவருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பும்போது வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். டொக்யுமென்ற் ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை அப்படியே போகும். பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருக்கிறது. பெரிய கோப்புகளை அப்போது ஏற்றிவிட்டுப் படுக்கலாம். மூலப் பதிவை மட்டும் அழிக்காதீர்கள். திகதியும் ஊர்ப் பெயரும் போட்டு ஒரு வன்தட்டில் வையுங்கள். கட்டடம் எழும்பித் திறப்பு விழா வைக்கிற நாளில், அத்திவாரம் போட முன் அதிபர் என்ன சொன்னார் என்று அதற்குள்தான் தேடுவார்கள்.