அரிப்புக் களிம்பு பூசுகிறீர்களா? முதலில் டியூபைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் அக்கா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். கன்னத்தில் லேசான தடிப்பு வந்ததும் பக்கத்து வீட்டு ஆண்டி கொடுத்த களிம்பைப் பூசினார், மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட, அப்படியே ஐந்து மாதம் விடாமல் பூசியிருக்கிறார். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன், கன்னத்தில் சிவப்பு நூல் ஓடுவது போல ரத்தக் குழாய்கள், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பரு. டியூபைத் திருப்பினால் குளோபெட்டசால் 0.05%. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு களிம்புகளில் மிக வீரியமான வகை அது.

அதனால் பிராண்டு பெயரை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மென்மையானது. பீட்டாமெத்தசோன் வாலரேட் 0.1%, மொமெட்டசோன் இரண்டும் வலுவானவை. குளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ பூசக்கூடாது, டாக்டர் சொல்லாமல் முகத்துக்குக் கொண்டு போகவே கூடாது.

எங்கே பூசுகிறோம் என்பதும் முக்கியம். முகம், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் மெல்லிய தோல், மருந்தை நிறைய உறிஞ்சும், அங்கேதான் தோல் சீக்கிரம் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். கண்ணிமையில் நெடுநாள் பூசினால் கண் அழுத்தம், கண்புரை வரை போகலாம். குழந்தைக்கு பெம்பர்ஸ் கட்டும் இடத்தில் பூசினால் மூடி வைத்தது போல ஆகி, மருந்து இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். பயந்துபோய் கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைக்கு டாக்டர் கொடுத்ததைப் பூசாமல் விடுவதும் தப்புதான், சொன்ன நாளுக்குச் சொன்ன அளவு பூசினால் நல்ல மருந்து.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடையில் வரும் படர்தாமரைக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பைத் தனியாகப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், சரியாகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் விளிம்பு அழிந்துவிடுவதால் பிறகு டாக்டருக்கே கண்டுபிடிக்கச் சிரமம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் 'வெள்ளையாக்கும்' கிரீமும் இதே கதைதான். பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகுவினோன், பாதரசம் எல்லாம் கலந்திருந்த கிரீம்களைச் மலேசியச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) பல முறை தடை செய்திருக்கிறது. மருந்து என்றால் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், அதை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள்.

அப்புறம், மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். அக்கா நான் திட்டினேன் என்று அன்றே நிறுத்திவிட்டார், சில நாளில் முகம் நெருப்பாய் எரிந்து சிவந்து வீங்கியது, தாங்க முடியாமல் மறுபடி பூசினார். கடைசியில் தோல் டாக்டர்தான் வீரியம் குறைந்ததற்கு மாற்றி, இடைவெளி விட்டுவிட்டுப் பூசச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். நீங்களும் அப்படிப் போகும்போது அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று மறைக்காமல் சொல்லுங்கள்.