பூச்சுள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்ப சென்சாருக்குத் துளையிடுவது எப்படி

எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த்தொகுதியே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். பூச்சு இல்லாத வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் துளையிட்டு மரை வெட்டி ஒரு தெர்மோகப்பிளை, அதாவது இரு உலோகக் கம்பிகளால் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை, பொருத்துவது அரை நாள் வேலை. அதே மேனிஃபோல்டின் மேல் செராமிக் பூச்சு இருந்தால் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. அந்தப் பூச்சு கண்ணாடியைப் போலக் கடினமானது, அதைப் போலவே எளிதில் நொறுங்கக்கூடியது. நான் முதன்முறை செய்தபோது துளை சரியாக அமைந்தது, மரையும் சுத்தமாக வந்தது, சென்சாரும் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் சில வாரங்களில் துளையைச் சுற்றிப் பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கி, அதன் அடியில் துரு பரவியது. தவறு துளையிடுவதற்கு முன்பே, துளையின் மையத்தைக் குழித்துக் குறிக்கும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்சை வைத்து அடித்த அந்த ஒரே அடியில் நிகழ்ந்திருந்தது. ஆகவே அந்தப் படியை மட்டும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

மேனிஃபோல்டை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினை ஓடவிட்டு, வெளியேறும் புகையின் அழுத்தமே சீவல்களை வெளியே தள்ளிவிடும் என்ற நம்பிக்கையில் துளையிடுபவர்கள் உண்டு. பிட்டில் கிரீஸ் தடவித் துளையிட்டுவிட்டு, மிச்சத்தைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்பவர்களும் உண்டு. இரும்புத் துகள்களைக் காந்தம் பிடிக்கும், சரிதான். ஆனால் செராமிக் செதிலைக் காந்தம் பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் மேனிஃபோல்டாக இருந்தால் அதன் சீவலையும் பெரும்பாலும் பிடிக்காது. டர்போவின் (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) சுழலி நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது என்பதால், உள்ளே தங்கிவிட்ட ஒரு கடினமான செதில்கூட அதன் இதழ்களைக் காயப்படுத்தப் போதுமானது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சென்சார் என்றால், எல்லாக் கிளைக் குழாய்களும் ஒன்றுசேரும் இடத்திற்கு அருகில், டர்போ இருந்தால் அதற்கு முன்பாக வையுங்கள். டர்போவைத் தாண்டிய புகை தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சுழலியிடம் கொடுத்துவிட்டு வருவதால் அங்கே வெப்பநிலை குறைவாகவே தெரியும். எஞ்சினின் நலனை அறிய அந்த எண் நேரடியாக உதவாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிச் சென்சார் வைப்பதாக இருந்தால், எல்லாவற்றையும் சிலிண்டர் ஹெட்டின் முகப்பிலிருந்து ஒரே தூரத்தில் வைக்க வேண்டும். நான் 40 மில்லிமீட்டர் வைக்கிறேன். தூரம் மாறினால் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. துளையிடும் முன், பொருத்திய பிறகு சென்சாரின் வால் எதன் மீதும் உராயாதா, ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்பதை மேனிஃபோல்ட் எஞ்சினில் இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுவரின் தடிமன். சென்சாரைப் பிடிக்கும் இணைப்பான் பெரும்பாலும் 1/8 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவுமுறை) மரையில் வரும். அதில் அங்குலத்திற்கு 27 மரைகள், அதாவது ஒரு மரைக்கு ஏறத்தாழ 0.94 மில்லிமீட்டர். வார்ப்பிரும்புச் சுவர் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இருந்தால் நேரடியாக மரை வெட்டலாம். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயில் இரண்டு மரைகூட முழுமையாக அமையாது. அதற்குப் பங் எனப்படும் மரையுள்ள உலோக வளையத்தை வெல்டு செய்துதான் ஆக வேண்டும். அப்படியானால் அதைப் பூச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே செய்வதே நல்லது. பூச்சின் மேல் வெல்டு பிடிக்காது, எரியும் பூச்சின் புகை நுரையீரலுக்குக் கேடு. சுற்றிலும் குறைந்தது 25 மில்லிமீட்டருக்குப் பூச்சை முழுவதுமாக நீக்கிய பிறகே வெல்டு வைக்க வேண்டும். கீழே சொல்வது நேரடியாக மரை வெட்டக்கூடிய தடித்த சுவருக்கானது.

இப்போது முக்கியமான படி. குறித்த இடத்தில் பஞ்சை வைத்து அடிக்காதீர்கள். உலோகம் அடியைத் தாங்கிச் சற்றே குழியும்; பூச்சால் குழிய முடியாது, ஆகவே அது அடிபட்ட புள்ளியிலிருந்து நாலாபுறமும் மயிரிழை போல விரிசல் விடும். அந்த விரிசல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்க, விரிசல் நீண்டு, ஈரம் உள்ளே புகுந்து, பூச்சு அடியோடு தூக்கிக்கொள்ளும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

சரியான முறை இது. குறியைச் சுற்றிலும் மேனிஃபோல்டின் மேல் இரண்டு அடுக்கு ஒட்டுநாடாவை ஒட்டி, நடுவில் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை மட்டும் வெட்டி எடுங்கள். சிறு கைக்கிரைண்டரில் உருண்டை முனையுள்ள கார்பைடு பர்ரையோ (பற்களுள்ள கடினமான அரைக்கும் முனை), வைரத்தூள் பதித்த முனையையோ மாட்டி, அந்த வட்டத்துக்குள் இருக்கும் பூச்சை நடுவிலிருந்து வெளிநோக்கி, அழுத்தாமல், வெறும் உலோகம் பளபளப்பாகத் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். எனக்கு வைரமுனையே பிடிக்கும். கார்பைடின் பற்கள் வட்டத்தின் ஓரத்தைக் கவ்வி இழுக்க வாய்ப்புண்டு, வைரமுனை அரைத்து மட்டுமே எடுக்கும். ஓரம் செங்குத்தாக முடியாமல் சரிவாக முடியட்டும், ஏனெனில் சரிவான ஓரத்தில் பூச்சு எளிதில் பெயராது. இந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது: நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, வாக்குவம் கிளீனரின் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு செய்யுங்கள். இது முடிந்த பிறகு, வெறும் உலோகத்தின் நடுவில் பஞ்சை வைத்து மென்மையாக ஒரு தட்டு தட்டினால் போதும்.

துளையிடுவதைப் படிப்படியாகச் செய்யுங்கள்: முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 6, இறுதியாக 8.6 மில்லிமீட்டர். மேனிஃபோல்டை மரக்கட்டையின் மேல் வைத்து இறுகப் பிடித்து, நிலையான டிரில்லிங் மெஷினில் செய்தால் துளை செங்குத்தாக அமையும். வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமலே துளையிடலாம். அது தூளாக உதிரும். இறுதிப் பிட்டுக்கு நிமிடத்திற்கு 600 சுற்றுகள் போதும். தடித்த ஸ்டெயின்லெஸ் வார்ப்பாக இருந்தால் வேகத்தை 400 அளவுக்குக் குறைத்து, வெட்டும் எண்ணெய் விட்டு, கோபால்ட் கலந்த பிட்டைத் தளராத அழுத்தத்தோடு இறக்க வேண்டும். பிட் வெட்டாமல் வெறுமனே உரசினால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது.

உட்புறமும் பூச்சு இருந்தால் பிட் மறுபுறம் துளைத்து வெளிவரும் தருணத்தில்தான் ஆபத்து. வேகமாக அழுத்தினால் பிட்டின் முனை உட்பூச்சைப் பெரிய செதிலாகத் தள்ளிப் பெயர்த்துவிடும். கடைசி ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல், பிட்டின் எடையை மட்டும் கொண்டு முடியுங்கள்.

மரை வெட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது, என்.பி.டி. மரை கூம்பு வடிவானது என்பதுதான். டேப்பை (மரை வெட்டும் கருவி) அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னும் திருப்பிச் செல்லுங்கள். ஆனால் முழுவதுமாக உள்ளே இறக்கிவிடாதீர்கள். அளவுக்கு மீறி இறக்கினால் துளை அகன்று, இணைப்பான் இறுகாமலே உள்ளே போய்விடும். நான்கைந்து மரை வெட்டியதும் டேப்பை எடுத்து, இணைப்பானைக் கையால் திருகிப் பாருங்கள். கையால் இரண்டரை, மூன்று சுற்று போய் நின்றால் போதும், மீதியை ஸ்பேனர் இறுக்கும்.

பிறகு சுத்தம். அழுத்தக் காற்றைத் துளையின் வழியே உள்ளே ஊதாதீர்கள். மேனிஃபோல்டைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு கிளையிலும் நைலான் தூரிகையை விட்டுத் தேய்த்து, சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, மீண்டும் ஒரு முறை கழுவுங்கள். துளையின் உள் ஓரத்தை விரலால் தடவக் கூடாது, வெட்டும். விளக்கைக் காட்டிப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் செதில் தெரிந்தால் இப்போதே தேய்த்து எடுத்துவிடுங்கள். வெளியே வெறுமையாக இருக்கும் உலோக வளையத்தில், இணைப்பானை இறுக்கிய பிறகு, மேனிஃபோல்டின் வெப்பத்தைத் தாங்கும் பெயின்ட் ஒரு பூச்சு தடவலாம்.

பொருத்தும்போது மரையில் மரை சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் நாடா ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும், ஆகவே இங்கே அதற்கு இடமில்லை. சென்சாரின் முனை குழாயின் நடுவில் நிற்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் குறைத்துக் காட்டும். முனை திறந்த தெர்மோகப்பிள் விரைவாக மாற்றத்தைக் காட்டும் என்றாலும், டர்போவுக்கு முன்னால் நான் உறையிட்ட முனையையே வைப்பேன், ஏனெனில் திறந்த முனை ஒடிந்தால் அது நேரே சுழலிக்குள் போகும்.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் பின்பற்றிய இருவர், எஞ்சின் சூடாகச் சூடாக எண் குறைகிறது என்று எழுதியிருந்தார்கள். அது துளையின் குறையன்று, கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. இந்த வேலைக்குப் பொதுவாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிளில் அமெரிக்க முறைப்படி மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. பன்னாட்டு முறைப்படி பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. நிறத்தில் ஐயம் வந்தால் காந்தத்தைக் காட்டுங்கள்: எதிர்முனையான அலுமெல் கம்பி மட்டும் காந்தத்தில் லேசாக ஒட்டும். கம்பி நீளம் போதவில்லையென்றால் செம்புக் கம்பியை இணைக்காமல் கே வகை நீட்டிப்புக் கம்பியையே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு எஞ்சினின் வெப்பத்தில் இருக்கும்போது அளவு பிசகும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் சென்சாரின் முனையைக் கொதிக்கும் நீரில் நனைத்து, மீட்டர் 100 டிகிரிக்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மேனிஃபோல்டை எஞ்சினில் ஏற்றுங்கள்.