பெருக்கமரத்தைக் கீரைக்காக நடுங்கள், காய்க்கு அப்புறம் காத்திருக்கலாம்

பெருக்கமரம், அதாவது ஆப்பிரிக்காவின் பருத்த அடிமரம் கொண்ட பாவோபாப் மரம், நடப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வருகிற கேள்வி, காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான். விதை போட்டு வளர்த்த மரம் என்றால் 8 வருஷத்துக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள், 20 தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஆசையை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் பக்கமெல்லாம் இந்த மரம் முதலில் கீரை, அப்புறம்தான் பழம். கீரை விதைத்த வருஷமே கைக்கு வந்துவிடும்.

நான் இருப்பது கென்யாவின் கடற்கரையில், மொம்பாசாவுக்கு வடக்கே கிலிஃபியில். சுவாஹிலியில் மரத்தின் பெயர் ம்புயு, காய்க்குள் இருக்கும் வெள்ளை மாவு உபுயு. மன்னார்க்காரர்கள் பெருக்கமரம் என்பார்கள், ராமநாதபுரம் பக்கம் பப்பரப்புளி, ஆனைப்புளி என்று பெயர்கள் உண்டு. அரபு வணிகர்கள் கொண்டுவந்து ஊன்றியதாகச் சொல்லப்படும் மரங்கள் மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் இன்னும் நிற்கின்றன. போகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதன் இலையைச் சமைத்ததாக ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

விதையிலிருந்து ஆரம்பிக்கலாம். முழுக் காயாக வாங்குங்கள். காயை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், ஓடு விரல் நகத்தால் கீற முடியாதபடி காய்ந்திருக்க வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே வெண்மையான மாவுக்கட்டிகள் சிவப்பு நாரில் கோர்த்தாற்போல இருக்கும், ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒரு விதை. கட்டிகளை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் கையால் பிசைந்தால் மாவு கரைந்து விதை தனியாகும். (அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சர்க்கரை போட்டுக் குடியுங்கள்.) மிதக்கிற விதைகளை எறிந்துவிட்டு மூழ்கியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலானவை முளைக்காது, ஏனென்றால் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீரே உள்ளே போகாது. காட்டில் யானையும் குரங்கும் தின்று வயிற்றில் ஊறி வெளியே வந்த விதைதான் சீக்கிரம் முளைக்கும், அந்த வேலையை வீட்டில் நாம் செய்ய வேண்டியிருக்கிறது. விதை சிறுநீரக வடிவத்தில் இருக்கும். உள்வளைந்த பக்கத்தைத் தொடாதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து முதுகை நகவெட்டியால் துளி வெட்டுங்கள், அல்லது உப்புத்தாளில் தேயுங்கள், கறுப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தால் நன்றாக ஊதிவிடும். ஊதாமல் கிடப்பதற்கு வெட்டு ஆழம் போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு முறை தேய்த்துப் போடுங்கள். நூற்றுக்கணக்கில் விதைக்கப் போகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தேய்க்க முடியாது, அவர்கள் கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி அப்படியே மறுநாள் வரை ஆறவிடலாம், அதில் முளைப்பது கொஞ்சம் குறையும்.

மழை தொடங்கும் நேரம் பார்த்து விதையுங்கள். இங்கே பெருமழை ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதனால் மார்ச் கடைசியில் ஊறப்போடுவேன். மணல் இரண்டு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய சாணி ஒரு பங்கு, 2 செ.மீ. ஆழம், அவ்வளவுதான். சில விதை ஒரு வாரத்தில் எட்டிப்பார்க்கும், சில மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். முளைத்து வருகிற முதல் இலைகள் விரல் விரித்த கைபோல இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். சின்னச் செடியில் இலை பிரியாமல் ஒற்றையாகத்தான் வரும், ஐந்து ஏழாகப் பிரிவதெல்லாம் பின்னால். பக்கத்து வீட்டு பிபி, எங்கள் தெருவில் பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவோம், களை எடுக்கிற ஒரு பையன் கையைப் பிடித்து நிறுத்தித்தான் என்னுடைய முதல் பாத்தியைக் காப்பாற்றினார்.

கீரைப் பாத்திக்கு ஒரு மீட்டர் அகலம் போதும். செடிக்குச் செடி 15, 20 செ.மீ. விட்டு நெருக்கமாக விதையுங்கள், மரமாக்கப் போவதில்லை என்பதால் நெருக்கம் நல்லது. நெருங்கிப்போன இடத்தில் கலைத்துப் பிடுங்கினால் அடியில் முள்ளங்கிபோல ஒரு கிழங்கு இருக்கும், தோல் சீவிப் பச்சையாகவே தின்னலாம், மொறுமொறுவென்று நீர்ச்சத்தோடு இருக்கும். செடி முழங்கால் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் கிளை விடும். அதன்பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இளம் இலைகளைப் பறிக்கலாம், ஆனால் செடியை மொட்டை அடிக்காமல் மூன்றில் ஒரு பங்கு இலையாவது விட்டுவையுங்கள். ஆடு இருக்கிற ஊரில் வேலி இல்லாமல் இந்தப் பாத்தி ஒரு நாள்கூடத் தாங்காது, விதைப்பதற்கு முன்னாலேயே முள்ளை வெட்டிப் போட்டுவிடுங்கள். வெண்டைக்கும் பருத்திக்கும் இது உறவுக்கார மரம், பருத்தியைத் தாக்கும் சிவப்புப் பூச்சி இதிலும் வந்து தங்கும், அதனால் அந்தப் பயிர்களை விட்டுத் தள்ளிப் போடுவது நல்லது.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வருஷம் மரமாக்குவதற்கென்று 11 கன்றுகளைத் தனியாக எண்ணெய் கேன்களில் வைத்திருந்தேன். ஜனவரியில் வெயில் ஏறியதும் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். பிப்ரவரி கடைசியில் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தால் வாழைப்பழம்போல அமுங்கியது, மண்ணைக் கிளறினால் புளித்த நாற்றம், கிழங்கு கையில் கூழாக வந்தது. 11-இல் 9 அப்படியே போனது. பிபி பார்த்துவிட்டு, "முவானங்கு, அது தூங்குகிறது, தூங்குகிற பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா" என்றார். முவானங்கு என்றால் என் பிள்ளையே என்று அர்த்தம். இலை கொட்டினால் தண்ணீரை நிறுத்துங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். மழை வந்து தளிர் தெரிகிறபோது ஊற்றினால் போதும், அதுவரை அந்தக் கிழங்கில் சேர்த்து வைத்த நீரே செடிக்குக் காணும்.

கீரைக்கு வருவோம். பச்சை இலையில் வெண்டைக்காய், பசலை மாதிரி ஒரு வழுவழுப்பு உண்டு. அது பிடிக்காதவர்கள் இளந்தளிராகப் பார்த்துப் பறித்து, வெங்காயம் வதக்கி, பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்து பாருங்கள், வித்தியாசமே தெரியாது. எனக்குப் பிடித்தது தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைப்பது. மீந்த இலையை நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய் மண் நிறமாகிவிடும். நொறுங்குகிற பதத்தில் இடித்துச் சலித்தால் பொடி. வடக்கு நைஜீரியாவின் ஹௌசா மக்கள் இதைக் கூக்கா என்பார்கள், மியான் கூக்கா என்கிற குழம்பு அந்தப் பொடியில்தான். இறைச்சியோ கருவாடோ வெந்த சாறு தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் பொடியைத் தூவி மறு கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். செனகலில் இதே பொடிக்கு லாலோ என்று பெயர், ஆவியில் வெந்த, ரவைபோன்ற கம்பு கூஸ்கூஸில் பிசைந்துவிடுவார்கள், வறட்டுத் தானியம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சரி, மரம். பாத்தியில் நன்றாக வந்த இரண்டு செடிகளையாவது மரத்துக்கு ஒதுக்குங்கள், ஒன்று போதாது. இந்த மரத்தின் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்ப்பது அபூர்வம், இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். பூ வெள்ளையாக, உள்ளங்கையை விடப் பெரிதாக, நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாய்கிறபோது திறக்கும், மறுநாளே வாடிக் கீழே கிடக்கும். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் அந்த ஒரு ராத்திரிக்குள் வேலையை முடிப்பது பழந்தின்னி வௌவால்கள்தான், அதனால் வௌவாலை விரட்டுகிற தோட்டத்தில் காயை எதிர்பார்க்காதீர்கள். நிறையப் பூத்தும் காய்க்காத மரங்களை இங்குள்ளவர்கள் ஆண் மரம் என்பார்கள். பூவில் ஆண், பெண் இரண்டு பாகமும் இருக்கத்தான் செய்கின்றன, ஆனாலும் சில மரங்கள் காய்ப்பதே இல்லை என்பது உண்மை.

குழி 60 செ.மீ. ஆழம், தண்ணீர் நிற்காத மேட்டு நிலம், வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 12 மீட்டர் தள்ளி. மேல்வேர்கள் கிளைகளையும் தாண்டி ஓடும், அதனால் இடத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உறைபனி விழுகிற மலை ஊர்களுக்கு இது ஒத்துவராது. முதல் இரண்டு வருஷம் ஆட்டிடமிருந்து காப்பாற்றிவிட்டால் அதன்பிறகு அது உங்களைக் கேட்காது.

சீக்கிரம் காய் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டுங்கள். விரல் பருமன் வந்த கன்றை நுனி வெட்டி, நடுவில் பிளந்து, நன்றாகக் காய்க்கிற, மாவு இனிப்பான ஒரு மரத்தின் குச்சியை ஆப்புபோலச் சீவிச் செருகி, ஒட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பையைக் கவிழ்த்துவிட வேண்டும். மரம் தளிர்ப்பதற்குச் சற்று முன்னால் செய்வது நல்லது. ஒட்டு மரம் 5 வருஷத்துக்குள்ளேயே காய்க்கத் தொடங்கலாம். குச்சி எடுக்கும் மரத்தின் காயைத் தின்று பார்க்காமல் ஒட்டாதீர்கள், மரத்துக்கு மரம் புளிப்பு அவ்வளவு மாறும்.

இந்த அவசரத்தில் யாரும் பெரிய மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டாம். 2022-இல் எங்கள் கிலிஃபியிலிருந்தே நூறு வருஷத்து மரங்களை வேரோடு எடுத்து ஜார்ஜியா நாட்டுப் பூங்காவுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்து, ஜனாதிபதி விசாரணைக்கு உத்தரவிடுகிற அளவுக்குப் போனது. சரிந்து கிடந்த மரத்தைப் படத்தில் பார்த்ததற்கே அன்று மனசு சரியில்லை.

காய் பூத்ததிலிருந்து முற்ற 5, 6 மாதம் ஆகும். மரத்திலேயே காய்ந்துவிடுவதால் பறித்ததும் கெடுமோ என்ற பயமில்லை, ஓடு உடையாத காய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். விரிசல் விட்ட காயில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், மாவு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு, கால்சியமும் நாரும் நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாவை உணவாக விற்க 2008-இல் அனுமதி கொடுத்த பிறகுதான் அது விலை உயர்ந்த டப்பாக்களில் ஏறியது. நார் அதிகம் என்பதால் முதல் நாளே டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும்.

சாறுக்கு அடுப்பே வேண்டாம், கொதிக்கவிட்டால் வைட்டமின் சி போய்விடும். ஒரு கப் கட்டிகளுக்கு மூன்று கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம், கையால் பிசைந்து வடிகட்டினால் மோர் மாதிரி ஒரு கலங்கல் வரும். செனகலில் இதற்கு பூயி என்று பெயர், பாலும் சர்க்கரையும் சாதிக்காயும் சேர்த்துக் குடிப்பார்கள். அங்கே புனித வெள்ளிக்கு கிறிஸ்தவ வீடுகளில் இந்தச் சாறோடு நிலக்கடலை விழுதையும் கம்பையும் கலந்து ங்கலாக் என்று ஒரு பதார்த்தம் செய்து, முஸ்லிம் அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கடற்கரையில் இந்தக் கட்டிகளை விதையோடு பாகில் புரட்டிச் செய்கிற மிட்டாய், மாபுயு. மொம்பாசா தெருவெல்லாம் சின்னப் பொட்டலங்களில் சிவப்பாகத் தொங்கும். சர்க்கரை ஒன்றரைக் கப், தண்ணீர் முக்கால் கப், ஏலக்காய்ப்பொடி, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு, சிவப்பு நிறம். பாகு கம்பிப் பதம் வந்ததும் நான்கு கப் கட்டிகளை விதையோடு கொட்டித் தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் சேறுபோல இருக்கும், பயப்பட வேண்டாம், பாகு இறுகி ஒவ்வொரு விதையும் தனித்தனியாகப் பிரிந்து வாணலியில் சலசலக்கும், அப்போது இறக்கித் தட்டில் பரப்புங்கள். வாயில் போட்டால் இனிப்பு, காரம், கடைசியில் அந்தப் புளிப்பு, விதையைத் துப்பிவிட வேண்டும். துப்பிய விதை பாகில் வெந்தது, அதை ஊன்றிப் பயனில்லை. ஆகவே கட்டிகளை வாணலியில் கொட்டுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடியை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.