வாக்காளர் அட்டை வராவிட்டால் தபால்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள்

கடந்த தேர்தல் நேரம் திருகோணமலை உவர்மலையில் ஒரு அக்கா தபால்காரரை மறித்து வைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாருக்கும் வாக்காளர் அட்டை வந்துவிட்டது, மகனுக்கு மட்டும் இல்லை. தபால்காரர் என்ன செய்வார்? பொடியனின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

பிழை நடந்தது பிசி படிவத்தில், அதாவது இடாப்பில் பதிய வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும் படிவத்தில். பொடியன் யாழ்ப்பாணத்தில் படிக்கிறான். "அவன் அங்கதானே நிக்கிறான்" என்று தாய் எழுதவில்லை; அங்கே அறை கொடுத்தவரும் எழுதவில்லை. படிப்புக்காகத் தற்காலிகமாக வெளியே தங்கியிருப்பவரைச் சொந்த வீட்டு முகவரியிலேயே பதியலாம். "ஜி.எஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) எங்களைத் தெரியும்" என்று சும்மா இருப்பதும் இதே வகைதான். அவர் வந்த நேரம் வீடு பூட்டிக் கிடந்தால், நீங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

இன்னும் சிலர் பழைய யூன் 1 கணக்கிலேயே இருக்கிறார்கள். இப்போது தகுதித் திகதி, அதாவது 18 வயதைக் கணக்கிடும் நாள், பெப்ரவரி 1. அதற்குப் பிறகு 18 வயதாகும் பிள்ளைகளுக்குத் துணை இடாப்பு இருக்கிறது. சேர்க்கும், நீக்கும் பெயர்ப் பட்டியல்களைப் பிரதேச செயலகத்திலும் ஜி.எஸ் அலுவலகத்திலும் பார்வைக்கு வைப்பார்கள். எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். ஆட்சேபிக்க வேண்டிய நேரம் அதுதான். தேர்தலை அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பலனில்லை.

வாக்குப் போடாவிட்டால் என்ன என்பவர்களுக்கு ஒரு சங்கதி: பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்கப் போனால், வதிவிடத்துக்கு இடாப்புப் பதிவைத்தான் வருடம் வருடமாகக் கேட்பார்கள். வீடு மாறியும் பதிவை மாற்றாதவர்கள் அன்றைக்குத்தான் முழிப்பார்கள்.

"எல்லாத்துக்கும் கச்சேரி" (மாவட்டச் செயலகம்) என்ற பழக்கமும் அலைய வைக்கும். தேர்தல் வேலைக்குத் தனி அலுவலகம் இருக்கிறது. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தாலும், தேர்தல்கள் திணைக்களம் உருவானது 1955 ஒக்டோபர் 1இல். சுயாதீனத் தேர்தல்கள் ஆணைக்குழு இயங்கத் தொடங்கியது 2015 நவம்பரில். தேர்தல் காலத்தில் மாவட்டச் செயலாளரே தெரிவத்தாட்சி அலுவலராக (மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் பொறுப்பாளராக) இருப்பதால் கச்சேரியையும் தேர்தல்கள் அலுவலகத்தையும் ஒன்றென்று நினைக்கிறோம். இடாப்புக்கு மாவட்டத் தேர்தல்கள் அலுவலகம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகம்.

வாக்காளர் அட்டை தொலைந்ததென்று வீட்டில் இருந்துவிடுவது வீண். பெயர் இடாப்பில் இருந்தால் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்றுக்கொள்ளப்படும் அடையாள ஆவணம் ஒன்று இல்லாமல்தான் முடியாது. அடையாள அட்டையில் படம் அழிந்து, வேறு ஆவணமும் இல்லாவிட்டால் முன்கூட்டியே ஜி.எஸ்ஸிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.