ஓமி ஓசோன் அளவை டாப்சனோடு ஒப்பிடும் முறை

ஆரா செயற்கைக்கோளின் ஓமி கருவி தரும் மொத்த ஓசோனை (தரை முதல் வளிமண்டல உச்சி வரையுள்ள அளவு) சரிபார்க்க, தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியில் நேரடி வெயிலில் எடுத்த அளவுகளையே எடுங்கள். அதே நாளில் டாப்சன் நிலையத்துக்கு மிக அருகிலுள்ள ஓமி பிக்சலை, அதாவது செயற்கைக்கோள் ஒரே அளவாகப் பதியும் நிலப்பரப்பை, பொருத்துங்கள். செயற்கைக்கோளுக்கு நேர்கீழே ஒரு பிக்சல் 13×24 கி.மீ.; ஓரங்களில் இன்னும் விரியும், அவற்றைத் தள்ளிவிடுங்கள். 2007 முதல் ஓமியின் சில பிக்சல் வரிசைகள் பழுது. ஒவ்வொரு அளவும் நம்பத்தக்கதா என்று காட்டும் தரக்குறியீட்டைப் பார்க்காமல் சேர்த்தால் கணக்கே கெடும்.

வேறுபாட்டைச் சதவீதமாக்கி, மாதவாரியாக வரையுங்கள். பருவத்தோடு ஏறி இறங்குகிறதா? உடனே செயற்கைக்கோளைக் குறை சொல்லாதீர்கள். டாப்சன் கணக்கு ஓசோன் அடுக்கின் வெப்பநிலையை எப்போதும் -46.3 செல்சியஸ் என்றே வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அது பருவத்தோடு மாறும்; அந்த ஏற்ற இறக்கம் டாப்சன் கணக்கிலிருந்தும் வரலாம்.

ஹவாயின் மௌனா லோவா போன்ற மலை நிலையம் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே டாப்சன் கருவி சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழுள்ள ஓசோன் அதற்குத் தெரியாது, செயற்கைக்கோள் கணக்கில் அது சேரும். அந்தப் பங்கைச் செயற்கைக்கோள் அளவிலிருந்து கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.